பத்து லட்சம் ஓம்

நாகலூரில் இன்னாசியின் அறைச் சுவருக்கு
ஐப்பசி பிறந்தால் வியர்க்கும்.
சுவிட்ச் சுள்ளென்று கடிக்கிறது,
பல் பிரஷ்ஷின் பின்பக்கத்தால் தட்டிப் போடுகிறேன் என்றான்
போனில், ஏதோ சமையல் குறிப்பு சொல்வதுபோல.

சேலத்தில் ஐந்து ரோட்டுக்குப் பின்னால்
மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன் நான்.
கடை சாத்தியபின் அந்த மேசையே பட்டறை.
அன்றிரவு பரோட்டா சுற்றி வந்த வெள்ளித்தாளை
எண்ணெய் போகத் துடைத்து, நாலு விரல் அகலம் வெட்டி,
கல்யாணப் பத்திரிகை ஒன்றின் முதுகில் ஒட்டினேன்.
மேலே செல்லோ டேப்.
விரல் உலோகத்தில் படக் கூடாது,
பட்டதாக நினைத்துக்கொண்டால் போதும்.

போர்டின் இரண்டு கால்களுக்கு நடுவே
பழுப்பு, கறுப்பு, பச்சை வரி போட்ட ரெசிஸ்டர்:
பத்து லட்சம் ஓம்.
ஒரு கால் மின்சாரத்தைத் தள்ளும்,
மறு கால் அது வந்து சேரும்வரை எண்ணும்.
குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்துவிட்டு
குடம் நிறைய எவ்வளவு நேரம் என்று பார்ப்பதுதான்.
விரல் நெருங்கினால் குடம் பெருத்துவிடும்.

யாருமில்லை: 62, 61, 62.
என் சுண்டுவிரல்: 840.

ஈயப்புகையில் கண் எரிய
திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
நான் இவ்வளவு என்று
யாரும் இதுவரை சொன்னதில்லை.

எல்லை இருநூறு என்று எழுதி
டிபன் டப்பாவில் அடைத்து
இருபது கொண்டை ஊசி வளைவும் மடியில் வைத்தே ஏறினேன்.
பதினான்காவதில் காது அடைத்தது.

எரிந்தது. இன்னாசி தொட்டான், அணைத்தான், தொட்டான்.
எஸ்டேட் பம்பு ஓட்டுகிற கை,
டேப்பில் கிரீஸ் ரேகை விழுந்தது.

மூன்று மணிக்கு அது தானாக எரிந்தது.
"யாரு?" என்றான் போர்வைக்குள்ளிருந்து,
விளக்கிடம்.

ஜன்னல் இடுக்கில் மேகம் நுழைந்திருந்தது.
திரையில் 118. 151. 187. 204.
எல்லையை ஐந்நூறாக்கினேன்.
இன்னாசியின் கை நானூற்று எண்பது;
அவனையே தெரியாது என்றது.

வரக்காப்பியோடு உட்கார்ந்து வேறு மாதிரி எழுதினேன்.
மெல்ல ஏறினால் வானிலை,
அதையே புதுத் தரையாக வைத்துக்கொள்.
சட்டென்று ஏறினால் ஆள், விளக்கைப் போடு.
மேகம் வந்தது, போனது.
அறை இருட்டாகவே இருந்தது.

இன்னாசிக்குப் பிடிக்கவில்லை.
"நான் மெல்ல வந்தா?"
கையை நீட்டி நூல் நூலாக இறக்கினான்,
பம்பு பெல்ட்டில் ஒடிந்து கோணலாய்க் கூடிய
மோதிரவிரல் முன்னால்.
இருபத்திரண்டு நிமிஷம். ஒரு வார்த்தை இல்லை.
கை முழுசாகத் தாளின்மேல் கிடந்தது.
விளக்கு அவனை மழைக்காலம் என்று
முடிவுகட்டிவிட்டது.

சிரித்துக்கொண்டே வெடுக்கென்று எடுத்தான்.
எண் சரிந்தது, தரைக்கும் கீழே.
அதற்கென்று நான் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை.
எண் அங்கேயே நின்றது.
தரைதான் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி
அதனிடம் வந்தது.
இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில்
முதல் பஸ் போய்விட்டது.

ஈயக் கம்பியை அங்கேயே விட்டு வந்திருக்கிறேன்.