போகிற வழியில்

முப்பத்திரண்டு கிலோமீட்டர் என்று
நாள்காட்டிக் கட்டத்தில் எழுதி மூன்று மாதமாகிறது.
அது சகல புனிதர்களின் திருநாள் என்பதும்
எரிபெர்த்தோவின் ஆட்கள் பதினேழு பேர்
அந்த வார இறுதியில்தான் சிலோயே தீவில் கூடுவார்கள் என்பதும்
அப்போது தெரியாது.
தெரிந்திருந்தாலும் அதே கட்டத்தில்தான் எழுதியிருப்பேன்.

எரிமலைச் சரிவு மாரத்தானுக்கு இன்னும் மூன்றே வாரம்.
கால் புதையும் சாம்பல், ஏற்றம்,
ஆறரை மணி நேரம் தாண்டினால்
வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.
போன வருடம் என்னை ஏற்றினார்கள்.
உள்ளே கம்பளியும் சூடான சூப்பும் இருந்தன.
அந்தச் சூப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

காலை ஆறு மணி. பூனைபோல் கதவைத் திறந்தேன்.
அடுப்படியில் ஒத்தீலியா அத்தை
உருளைக்கிழங்கைத் துருவிக்கொண்டே,
தலை நிமிராமல்:
"ஓடத்தானே போறே?"
ஆமாம்.
"அப்ப நல்கா இலை கொண்டுவந்துடு.
நம்ம ஓடைக்கரையில எல்லாம் குருத்தா இருக்கு.
மேட்டுப் பக்கம் குடை அகலம் இருக்காம்.
பதினொரு மணிக்குக் கல் சிவந்துடும்."

தூங்குவதாக நான் நம்பிய வீடு
கதவு கதவாக விழித்தது.
ஒருவனுக்கு ஈஸ்ட். ஒருத்திக்கு டார்ச் பேட்டரி.
மாமியார் ஒன்றும் கேட்கவில்லை,
ஒரு மெழுகுவத்தியைக் காகிதத்தில் சுற்றி
என் இடுப்புப் பையில் செருகினார்,
ஜெல் பொட்டலம் இரண்டை எடுத்து வெளியே வைத்துவிட்டு.

மழை. இந்தத் தீவில் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.
மர ஓடு வேய்ந்த தேவாலயம் தாண்டி முதல் ஏற்றம்,
மூச்சு தொண்டையில் உப்பாகக் கரித்தது.
கல்லறைத் தோட்டத்தில் மாமனாருக்கு இந்த வருடம்தான் சிலுவை நட்டது,
வெள்ளைச் சாயம் இன்னும் வாசம் போகவில்லை.
முதல் குச்சி நனைந்தது. இரண்டாவதைக் காற்று தின்றது.
மூன்றாவதை என் தொப்பிக்குள் வைத்துப் பற்றவைத்தேன்.
கடிகாரத்தை நிறுத்தவில்லை.
ஏழாவது கிலோமீட்டர்: பதினோரு நிமிடம் இருபது வினாடி.
அன்றைய ஓட்டத்திலேயே மெதுவானது.
அதை அழிக்கவும் இல்லை.

நல்காவின் தண்டில் முள் உண்டு,
மாமனார் சொல்லியிருக்கிறார்,
நான்தான் கையுறை எடுக்கவில்லை.
இருபத்தியிரண்டு இலை வெட்டி, சுருட்டி,
முதுகில் கயிற்றால் கட்டிக்கொண்டு இறங்கினேன்.
மழை என் மேல் இலையாய்த் தட்டியது.
பால் லாரிக்காரர் வேகம் குறைத்துப் பார்த்தார்,
என்னவோ கேட்க வாய் திறந்து,
வேண்டாமென்று போய்விட்டார்.

இருபத்தாறாவது கிலோமீட்டரில் தொடை கல்லானது.
போன வருடம் வண்டி வந்து நின்றது இப்படியொரு வளைவில்தான்.
இன்று பின்னால் வண்டி இல்லை,
முன்னால் ஒரு குழி, அதில் சிவந்துகொண்டிருக்கும் கற்கள்,
சிப்பி கழுவி வைத்துக் காத்திருக்கும் பதினாறு பசி.
நான் கயிற்றை இறுக்கினேன்.

பத்து நாற்பத்தெட்டு. முற்றம்.
இலைகளைக் கீழே போட்டேன். ஈஸ்ட். பேட்டரி.
கடிகாரம்: முப்பத்தொன்று புள்ளி ஆறு.
எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்க
நான் வீட்டைச் சுற்றி ஓடத் தொடங்கினேன்.
முதல் சுற்றில் நாய் சேர்ந்தது.
மூன்றாவதில் மைத்தே, ரப்பர் பூட்ஸுடன்,
"அம்மா, எதுக்கு?" என்றபடி.
சொல்ல மூச்சில்லை.
ஐந்தாவதில் மண்வெட்டியோடு நின்ற மைத்துனன்
எரிபெர்த்தோவிடம் மெதுவாகக் கேட்டது காதில் விழுந்தது:
"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

குழி திறந்தபோது மணி ஒன்றரை.
ஆவியில் இலை கறுத்துச் சுருங்கியிருந்தது.
நான் மூன்று தட்டு தின்றேன், எண்ணியவள் அத்தை.
நாலாவதாகப் புகையூட்டிய பன்றித் துண்டை வைத்துவிட்டு
பக்கத்தில் உட்கார்ந்தாள்.
"அந்த எரிமலைப் பக்கம்
தேன் நல்லா இருக்குமாமே."
ஆறரை மணி நேரம்தான் அத்தை கொடுப்பார்கள்.
"நான் என்ன நிக்கவா சொன்னேன்,
போற வழியிலதானே."

முள் குத்திய விரலைச் சப்பிக்கொண்டே
எத்தனை கிலோ என்று கேட்டேன்.