நனைந்த அட்டை

ஒன்றுவிட்ட புதன்களில், மதியம் இரண்டு பத்துக்கு,
பால்கேன்கள் வைக்கிற மேடை இருந்த இடத்தில்
என் நூலக வண்டி நிற்கும்.
இருபதே நிமிடம்.

ஏப்ரல். ஏரியின் மேலே போகிற பாதையை மூடிவிட்டார்கள்.
பனிக்கட்டி இன்னும் வெள்ளைதான்,
ஆனால் நம்பக்கூடாத வெள்ளை.

கெம்பைனென் ஏறினார்.
வண்டியின் பின்னிடது மூலை முனகியது.
புத்தகம் எதுவும் திருப்பித் தரவில்லை, கேட்கவுமில்லை.
சட்டைக்குள்ளிருந்து ஓர் அட்டையை எடுத்து
முத்திரை மைக்குப் பக்கத்தில் வைத்தார்.

தண்டர் பேயிலிருந்து, அண்ணன் மகள், டார்லின்.
அவளுக்கு ஃபின்னிஷ் வராது.
இவருக்கு அதைவிட்டால் வேறெதுவும் வராது.
தபால்பெட்டிக்குள் பனி புகுந்து உருகி
அத்தனை நீல மையையும் ஏரியாக்கிவிட்டது.
மூன்று இடத்தில் மட்டும் கரை தெரிந்தது.
மூன்றிலும் ஒரே சொல்:
ஸ்பிரிங்.

"என்ன சொல்கிறாள்?"

தலையணை கனத்தில் இருக்கும் அகராதியை இறக்கினேன்.

கெவாத் என்றேன். வசந்தம்.
ஜன்னல் வழியே பார்த்தார்.
"அது வரும்போது வரும்.
அதைச் சொல்லவா தபால்தலை ஒட்டினாள்?"

யோவ்சி என்றேன். சுருள்வில்.
கட்டிலுக்குள் இருப்பது, கடிகாரத்துக்குள் இருப்பது,
இப்போது நீங்கள் ஏறியதும் முனகியது.
நம் மொழியில் அம்பு விடுகிற வில்லும் அதேதான்,
பிடில் வாசிக்கிற வில்லும்.

"பிடிலை எடுத்துக்கொண்டு போனான்," என்றார்.
"வில் என்னிடம்தான் இருக்கிறது."

ஆங்கிலத்தில் அந்த வில்லுக்கு வேறு சொல் என்றேன்.
காதில் வாங்கவில்லை.

சமையல் அலமாரிப் பக்கம் நின்ற ஹவெரினென்
(பதினோரு வருடம் சரக்குக் கப்பல்)
திரும்பாமலே குரல் கொடுத்தார்:
"படகு ஓட்டை விட்டாலும் அந்தச் சொல்தான்.
சிறையிலிருந்து ஆளைக் கிளப்பினாலும் அதேதான்."
"அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லித் தருகிறாள்,"
என்றார் கெம்பைனென்.
"கணக்கு வாத்திகள்தான் மாட்டுவார்கள்," என்றார் ஹவெரினென்.

இன்னொன்று பாக்கி இருந்தது.
விரல் அதன்மேல் போய் நின்றது.
லாஹ்தே.
ஊற்று. மண்ணுக்கடியிலிருந்து தானே வருகிற தண்ணீர்.
புத்தகத்தின் கடைசியில்
எங்கிருந்து எடுத்தோம் என்று பட்டியல் போடுகிறோமே,
அதற்கும் அதுதான் பேர்.

மூன்றாவது அர்த்தத்தை நான் சொல்லவில்லை.
சொல்லத் தேவையும் இல்லை.
அதே எழுத்து, அதே ஒலி,
ஒருவன் முகத்தைப் பார்த்துச் சொன்னால்
கிளம்பு என்று ஆகிவிடும்.

வண்டியின் ஹீட்டர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"படகுத்துறையில் வைத்துச் சொன்னேன்," என்றார்.
"அறுபத்தெட்டு. ஒரு தடவைதான் சொன்னேன்."

ஹவெரினென் சூப் புத்தகம் ஒன்றில்
தீவிரமாக எதையோ தேட ஆரம்பித்தார்.

மணி இரண்டரை. கிளம்பவேண்டும்.
அந்தச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு
எப்படிக் கிளம்புவது என்று தெரியாமல்
நான் ஸ்டியரிங்கைத் துடைத்தேன்.

"பதில் எழுதித் தா," என்றார்.
எதற்கென்று பதில்?
அவள் சொன்னது பருவமா, தண்ணீரா, இரும்பா, ஓட்டையா?

யோசித்தார். வெளியே ஏரியைப் பார்த்தார்.
கிணற்றில் மூன்று நாளாய்ச் சத்தம் கேட்கிறது என்றார்.
கட்டில் ஒரு பக்கம் குத்துகிறது என்றார்.
படகைத் தார் பூசாமல் இறக்க முடியாது என்றார்.

"இங்கேயும் அப்படித்தான் என்று எழுது."

எழுதினேன். ஆங்கிலத்தில் மூன்று சொல் வந்தது.
அடியில் அவரே தன் கையால்,
நெடுநேரம், பென்சிலைக் கோடாரிபோல் பிடித்து,
தன் பெயரை எழுதினார்.
பிறகு, இடம் இல்லாத இடத்தில்,
ஃபின்னிஷில் ஒன்று சேர்த்தார்:
வில் பத்திரம்.

அவளுக்குப் புரியாதே என்றேன்.

"அங்கேயும் நூலகம் இருக்குமில்லையா?" என்று
இறங்கிப் போனார்.
பின்னிடது மூலை ஒரு விரல் உயர்ந்தது.