கொண்டை ஊசி வளைவு 9/14

கேத்தி பாலாடாவில் இரவு கழுவிய கேரட்
விடியுமுன் மேட்டுப்பாளையம் மண்டியில் இறங்கிவிடும்.
போஜராஜின் வண்டி மட்டும்
எட்டு மணிக்கு மேல்தான் போய்ச் சேரும்.

ஒன்பதாம் வளைவில் டயர் எதன் மீதோ ஏறி இறங்கியதாம்.
கல்லாக இருக்கலாம்.
ஆளாகவும் இருக்கலாம்.
கல்லாறு வரை வந்து, திருப்பி, மறுபடி ஏறி,
டார்ச் அடித்துப் புதரெல்லாம் துழாவி
ஒன்றுமில்லையென்று இறங்கினால்,
தேடப் போன அவசரத்தில்
எட்டாம் வளைவில் யாரையாவது?

ஒருநாள் நானும் கூடப் போனேன்.
ஐந்து முறை ஏறினோம்.
குரங்குகளுக்கே எங்களை அடையாளம் தெரிந்துவிட்டது.
"உனக்குச் சத்தம் கேட்டுச்சா?"
"இல்ல."
"சத்தியமா?"
"சத்தியமா."
"நீ தூங்கியிருப்ப."

பேப்பரில் விபத்துச் செய்தி பார்த்துவிட்டு
ஸ்டேஷனுக்கே போய்
நானாக இருக்கலாம் சார் என்றிருக்கிறார்.
ஏட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

ஆடிக் காற்றில் ஒரு திங்கட்கிழமை
திரும்பிப் பார்ப்பது நின்றது.
நாத்தனார் ஹெத்தையம்மனுக்குக் காசு முடிந்து வைத்தாள்.
நான் கேசரி கிண்டினேன்,
இப்போது சொல்லக் கூச்சமாயிருக்கிறது.

ஏனென்றால் சவரமும் நின்றது.
சாப்பாடும்.
வண்டிச் சாவி ஆணியை விட்டு இறங்கவில்லை.
மகள் வழுக்கி விழுந்து
முழங்கால் கிழிந்து அலறியபோது
சுவர்ப்பக்கம் படுத்திருந்தவர் புரளக்கூட இல்லை.
இல்லாத பிணத்துக்காக
ஐந்து முறை மலையேறிய மனிதர்.

ஊட்டி பெரியாஸ்பத்திரியில்
டாக்டரம்மா சீட்டில் இரண்டு வரி எழுதினார்.
"முதல் வியாதி போகலைம்மா.
அது மேல இன்னொண்ணு வந்து உட்கார்ந்திருக்கு.
சந்தேகப்படவும் தெம்பு வேணுமில்ல?"

மாத்திரை தொடங்கி ஏழாவது வாரம்
சாவியை அவரே எடுத்தார்.
நானும் ஏறிக்கொண்டேன்.
ஒன்பதாம் வளைவு கழிந்ததும்
ஸ்டியரிங்கில் விரல்கள் வெளுத்தன.

"ஏதோ ஏறி இறங்கிச்சா?"

மூன்று மாதத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.
எனக்கு அழுகை முட்டியது,
எந்த வகை அழுகை என்று பிடிபடவில்லை.
பதில் சொல்லக் கூடாதென்று
டாக்டரம்மா சொல்லியிருந்தார்.
பல்லைக் கடித்துக்கொண்டேன்.
எட்டு.
ஏழு.
சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

கல்லாற்றில் ஓரம் கட்டினார்.
இன்ஜின் ஓடிக்கொண்டேயிருந்தது.
பின்னால் மூட்டைகளிலிருந்து
கழுவிய தண்ணீர் சொட்டுகிற சத்தம்.
அவர் கை இன்டிகேட்டரில் இருந்தது.
எந்தப் பக்கம் என்று
நான் பார்க்கவில்லை.