மனு ரசீது எண் 47

முக்கூடலுக்கு இந்தப் பக்கம்
பூட்டிக் கிடந்த கூட்டுறவு வங்கிக் கட்டடத்துக்குச்
சிவப்பும் நீலமும் அடித்து
காவல் நிலையம் ஆக்கியிருந்தோம்.
பெயர்ப்பலகை நான் எழுதியது.
லாக்கப் கம்பி பி.வி.சி. குழாய், மேலே கறுப்பு.
துப்பாக்கி மரம்.
தேடப்படும் குற்றவாளிகள் மூவரில்
ஒருவர் எங்கள் ஜெனரேட்டர் டிரைவர்.
தூசி மட்டும் அசல்.

மூன்றாம் நாள் காலை
கேமரா வருமுன் அவள் வந்துவிட்டாள்.
செருப்பை வாசலில் விட்டு,
பீடி இலை வாசத்தோடு,
கையில் மனு.
"புது ஸ்டேஷனா ஐயா?
அங்க பதினோரு தடவ போய்ட்டேன்.
வாங்கி வச்சிக்கிடுதாவ,
ரசீது தர மாட்டேங்காவ."

இது சினிமா என்று சொல்லத்தான்
வாயைத் திறந்தேன்.
அதற்குள் ரைட்டர் வேடம் போட்டவர்,
காக்கி மாட்டினால் இடுப்புவலி தெரிவதில்லை என்கிறவர்,
"உட்காரும்மா" என்றுவிட்டார்.
அவள் நாற்காலியைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
தரையில் உட்கார்ந்தாள்.

பேர் முப்புடாதி. புருசன் பூலுடையான்.
தை அமாவாசைக்கு மறுநாள் விடியக்காலம்,
ஆற்றுக்கு இறங்குகிற தடத்தில், மணல் லாரி.
மஞ்சக் கலரு.
நம்பரை வாய்ப்பாடு போல ஒப்பித்தாள்.
மூன்று நாள் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் நின்ற லாரி
நாலாம் நாள் பச்சையாகி வெளியே போனதாம்.
எஃப்.ஐ.ஆரில்
அடையாளம் தெரியாத வாகனம்.
"அவியளுக்குத் தெரியலன்னா அப்படி எழுதிக்கிடட்டும்.
எனக்குத் தெரியும்லா?
அதையும் ஒரு ஓரமா எழுதச் சொல்லுங்க."

ரசீதுப் புத்தகம் பழசாய்த் தெரிய
டீத்தண்ணியில் முக்கிக் காயப்போட்டு
நாற்பத்தாறு தாள் கிழித்து எறிந்திருந்தேன்.
அடுத்த தாளை அவளுக்குக் கிழித்தார் அவர்.
முத்திரை குத்தியது நான்.
இல்லாத ஊர், இல்லாத நிலையம்.
இரண்டு கையாலும் வாங்கினாள்,
மை காய ஊதினாள்,
ஊதிக்கொண்டே படியிறங்கிப் போனாள்.

பந்தோபஸ்துக்கு வந்த அசல் ஏட்டு
எங்கள் இட்லியைத் தின்றபடி
"நீங்களாவது வாங்குனீங்களே" என்று சிரித்தார்.
சட்னி கேட்டார். ஊற்றினோம்.

விஷயம் கேட்டு டைரக்டர் கண் கலங்கினார்.
அன்று ராத்திரியே ஒரு காட்சி எழுதினார்.
லாரி வந்தது. பிரஷ்ஷோடு போனேன்.
சென்னையிலிருந்து போனில் வக்கீல்:
மஞ்சள் வேண்டாம். பச்சை வேண்டவே வேண்டாம்.
நம்பரில் சேற்றைப் பூசு.
நீலம் அடித்தேன், இரண்டு கோட்டு.
சேற்றை நானே குழைத்தேன்.
பார்த்தால் ஆற்றில் அள்ளியது போலவே இருக்கும்.
வேலையில் என்னைக் குறைசொல்ல முடியாது.

ஜங்ஷன் பக்கம் இரண்டாம் ஆட்டம்.
லஞ்ச இன்ஸ்பெக்டர் கைவிலங்கோடு நடக்கும்போது
கூரை பிய்த்துக்கொள்ளும் விசில்.
முன்வரிசையில் அந்த ஏட்டு, குடும்பத்தோடு.
அவரும் கைதட்டினார்,
நடிப்பில்லை, மனசாரத்தான் தட்டினார்.
நீல லாரி வந்து போனது.
பாப்கார்ன் காலுக்கடியில் நொறுங்கியது.

போன மாதம் வேறு படத்துக்கு லொக்கேஷன் பார்க்க
அந்த வழியே போனேன்.
எதிர் டீக்கடைக்காரர் அடையாளம் கண்டுகொண்டார்:
"புதன்கிழம தவறாம ஒரு பொம்பள வந்து
கதவத் தட்டுது, பாத்துக்கிடுங்க.
இது ஸ்டேஷன் இல்லம்மா, போன்னு சொன்னா
சேலைக்குள்ளருந்து ஒரு தாள எடுத்துக் காட்டி
ஸ்டேஷன் இல்லன்னா
ரசீது எப்படி வந்துச்சின்னு கேக்கு.
நீங்க என்ன சொல்லுதிய?"

டீக்கு எவ்வளவு என்று கேட்டேன்.