ஒரு கண்ணுக்கு உரிய பெயர்

அடையாள அட்டையில் நான் பரஸ்கெவி.
அப்பாவின் வாயில் எவி.
முழுப் பெயரைச் சொல்லி
அவர் கூப்பிட்டதே இல்லை,
அடிக்கக் கை ஓங்கிய நாளில்கூட.

பெராமாவில் கப்பல் பழுதுபார்க்கும் துறை.
துரு சுரண்டுகிற வேலை அவருக்கு.
நான் அம்மா வயிற்றில் ஏழு மாதம்.
ஒரு பழைய எண்ணெய்க் கப்பலின் அடியில்
செதில் செதிலாய்த் தெறித்த இரும்பு
இரண்டு கண்ணிலும் ஏறியது.
கண்ணாடியைக் கழற்றிவிட்டான் என்றார் மேஸ்திரி.
கண்ணாடி எப்போது கொடுத்தாய் என்றார் அப்பா.

கட்டுக்குள் கிடந்தபடி
கண்ணுக்குப் பேர்போன புனிதையிடம் நேர்ந்துகொண்டார்:
பார்வை வந்தால் பிள்ளைக்கு உன் பெயர்.

கட்டை அவிழ்த்தார்கள்.
வலது கண்ணில் ஜன்னல் வந்தது,
தாதியின் காலணி வந்தது.
இடதில் ஒன்றும் வரவில்லை.

என் பெயருக்கு வெள்ளிக்கிழமை என்று பொருள்.
எங்கள் மொழியில் வாரத்தில் பாதிக்கு மேல் வெறும் எண்கள்:
திங்கள் என்றால் இரண்டாவது, செவ்வாய் மூன்றாவது,
புதன் நான்கு, வியாழன் ஐந்து.
எண்ணை எடுத்து யார் பிள்ளைக்கு வைப்பார்கள்?
(அப்பாவின் பெயர் ஸரான்டிஸ். நாற்பது.
பனி ஏரியில் விறைத்துச் செத்த நாற்பது மறைசாட்சிகளின் தொகை.
இதைச் சொன்னால் வாயை மூடு என்பார்.)

வெள்ளி ஆவதற்கு முன்னால்
அந்தச் சொல்லுக்கு ஆயத்தம் என்று மட்டுமே அர்த்தம்.
பண்டம் பாத்திரம் எடுத்துவைப்பது,
படை திரட்டுவது, கப்பலைப் பயணத்துக்குத் தேற்றுவது,
எல்லாம் அதுதான்.
கிரேக்கம் பேசிய யூத வீடுகளில்
நாளை அடுப்பு மூட்டக் கூடாதென்று
இன்றே ரொட்டி சுட்டு மூடிவைத்த பொழுதுக்கு
அது ஒட்டிக்கொண்டது.
அதே பொழுதில்தான்
சிலுவையிலிருந்து ஒருவரை
இருட்டுவதற்குள் இறக்கவேண்டி வந்தது.
அப்புறம், கதைப்படி,
பிள்ளைக்கு ஏங்கிய வீட்டில் ஒரு வெள்ளியன்று
ஒரு பெண் பிறந்தாள்.
கொதிக்கிற கொப்பரைக்குள் நின்று
சுடவில்லை என்றாளாம்.
நம்பாமல் அரசன் எட்டிப் பார்க்க
ஒரு கை அள்ளி முகத்தில் வீசினாள்.
அவன் குருடானான். கெஞ்சினான்.
அவளே திருப்பித் தந்தாள்.

அப்பா இந்த இடத்தில் தவறாமல் குறுக்கிடுவார்:
"அரசனுக்கு இரண்டு."

நான் பிறந்த வருஷம், ஜூலை இருபத்தாறு, அவள் திருநாள்.
கோயில் வாசலில் நேர்ச்சைத் தகடுகள்:
கால், கை, இதயம், தொட்டில் பிள்ளை.
கண்கள் ஜோடியாய்த்தான் வரும்,
நடுவில் மூக்கில்லாமல் ஒட்டிக்கொண்டு.
அப்பா ஒன்று வாங்கினார்.
பையிலிருந்து தகரக் கத்தரியை எடுத்தார்.
வலது கண்ணைப் படத்துக்கு முன்னால் கம்பியில் மாட்டினார்.
"வாங்கினதுக்குக் கொடுத்தாச்சு."

அருள்தந்தை அகிந்தினோஸ் கத்தினாராம்,
ஞானஸ்நானத் தொட்டியில்
பெயரை நறுக்க முடியாது ஸரான்டிஸ்!
நீங்கள் முழுசாய் எழுதுங்கள்,
கூப்பிடுவது என் பாடு.

இப்போது அந்த வலது கண்ணிலும் புரை.
பிரேயஸ் மருத்துவமனை, வியாழன் இரவு,
நடைபாதையில் ஒரு கட்டில்.
படிவத்தோடு வந்த பெண்ணுக்கு நம் கதை தெரியாது.
"கையெழுத்துப் போடுவது யார்?"
"மகள்."
"பெயர்?"

அவர் தொண்டையைச் செருமினார்.
பரஸ்கெவி என்றார்.
அவள் சரியாகக் கேட்கவில்லை.
மறுபடியும், ஒவ்வோர் எழுத்தாக,
கல்லில் வெட்டுகிறவர் மாதிரி சொன்னார்.

நான் பேனாவை வாங்கினேன்.
"என்ன பார்க்கிறாய்," என்றார் என் பக்கம் திரும்பாமல்,
"முன்பணம்."

அவருடைய கருவிப் பெட்டியில்,
உப்புத்தாளில் சுற்றியிருந்த இடது கண்
என் கோட்டுப் பைக்குள் இருந்தது.
முப்பத்துநான்கு வருஷமாகியும்
வெட்டிய ஓரம் மழுங்கவில்லை.
விரலில் குத்தியது.
அவரிடம் சொல்லவில்லை.