கடைசியில் நடப்பவள்

நெப்ராஸ்காவில், ஒகலாலாவில்,
பதினாறு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
சாரணர் பெண்களுக்கு வேன் ஓட்ட ஆளில்லை என்றார்கள்.
ஓட்ட மட்டும்தானே என்று தலையாட்டினேன்.
முதுகில் பதினேழு கிலோ ஏறும் என்று
ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

புறப்படும் முன், தேவாலய வாகன நிறுத்தத்தில்,
மீன் நிறுக்கும் கொக்கித் தராசில்
ஒவ்வொரு மூட்டையும் தொங்கியது.
ட்ருடியின் பையிலிருந்து வெளியே வந்தவை:
முடி உலர்த்தி, இரண்டாவது தலையணை,
பாதி ஜாடி வெள்ளரி ஊறுகாய்.
ஹேடி தன் பல்துலக்கியை
ரம்பத்தால் அறுத்துக் கைப்பிடியை வீசினாள்.
ஐந்து கிராம் மிச்சம் என்றாள்,
பொன் நிறுத்தவள் போல.

கொலராடோவில், பிரஷ் என்றொரு ஊரில்
திரும்ப மறந்துவிட்டேன்.
ஏழு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.
வண்டியைத் திருப்பிக் கொண்டுவரும் வரை
ஒரு வாயும் ஓயவில்லை.

நியூ மெக்சிகோ மலையில் விதி வேறு.
வழி பிள்ளைகளுடையது.
பெரியவர்கள் கடைசியில் நடக்க வேண்டும்;
யாருக்காவது ரத்தம் வந்தால் ஒழிய
வாய் திறக்கக் கூடாது.
வெண்டலினுக்கு இது சுலபம்.
மருந்துக்கடைக்காரி, சொல்லையும் எண்ணித்தான் கொடுப்பாள்.
என் நாக்கோ பிரேக் இல்லாத வண்டி.

மூன்றாம் நாள்.
வெயில் பட்ட பைன் பட்டையில் வனிலா வாசம்.
லூபே மரத்தைக் கட்டிக்கொண்டு
கேக்கே, கேக்கே என்று கொஞ்சினாள்.
பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில்
மாரென் வரைபடத்தை முழங்காலில் விரித்தாள்,
திசைகாட்டியை வைத்தாள்,
நகத்தைக் கடித்தாள்,
இடது என்றாள்.

வலது.
எனக்குத் தெரியும், அது வலது.
நாற்பத்திரண்டு நிறுத்தங்களைப்
பனிப்புயலில் தடவிக் கண்டுபிடிப்பவள் நான்.
வெண்டலினைப் பார்த்தேன். அவள் வானத்தைப் பார்த்தாள்.
உலர்ந்த ஆப்ரிகாட் இரண்டை
வாயில் திணித்து அடைத்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் ஏற்றம்.
அந்த ஒரு மணி நேரமும் நான்
எவ்வளவு நல்லவளாக இருந்தேன் தெரியுமா!
வழி தவறிய பிள்ளைகளுக்கு
முன்கூட்டியே மன்னிப்பு சமைத்தேன்.
இரவு தண்ணீர் பற்றாமல் போகும், என் குடுவையைத் தருவேன்.
மாரென் அழுவாள், தோளைத் தொடுவேன்.
அப்போது பேச வேண்டியதுகூட
சொல்லுக்குச் சொல் தயாராக இருந்தது.
குதிகாலில் கொப்புளம் உடைந்ததைக்கூட
கன்னியாஸ்திரியின் பொறுமையோடு
கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

பிறகு ஓடையின் சத்தம்.
பிறகு ஒரு மரப்பலகை,
அதில் நாங்கள் அன்றிரவு தங்க வேண்டிய முகாமின் பெயர்.
பலகைமேல் ஒரு அணில்.
அது என்னைத்தான் பார்த்தது.

மாரென் துள்ளவில்லை.
மூட்டையை இறக்கினாள், வரைபடத்தை
மடித்த மடிப்பிலேயே மடித்தாள்,
வடிகட்டியை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனாள்.
சரியாக வந்து சேர்ந்தது அவளுக்கு
ஒரு செய்தியே இல்லை.

சட்டி கழுவிய தண்ணீரை அங்கே
மண்ணில் கொட்டக் கூடாது, குடித்துவிட வேண்டும்.
முந்தின இரண்டு இரவும் முகம் சுளித்தவள்,
தக்காளித் தோல் மிதந்த என் பங்கை
மறுபேச்சில்லாமல் குடித்தேன்.

இருட்டுவதற்குள் கரடிக்கு மணக்கும் எல்லாவற்றையும்
சாக்கில் போட்டோம்.
பற்பசை, உதட்டுக் களிம்பு, மிச்ச ஆப்ரிகாட்,
ஹேடியின் கைப்பிடியற்ற துலக்கி.
இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு.
எல்லோரும் இழுக்க, கயிற்றிலும் நான் கடைசி.

"நான் வலதுன்னு நினைச்சேன்" என்றேன்,
யாரிடம் என்று இல்லாமல்.
"எங்கே?" மாரென் திரும்பவில்லை.
"மத்தியானம். பாதை பிரிஞ்ச இடத்துல."

கயிறு முனகியது.

"நானும் வலதுன்னுதான் நினைச்சேன்" என்றாள்.
"வரைபடம் இடதுன்னு சொல்லுச்சு.
விட்டுடாதீங்க, இன்னும் கொஞ்சம்."

இழுத்தேன்.
சாக்கு மேலே போனது,
ஒரு சுற்றுச் சுற்றியது,
மறுபடி எதிர்ப்பக்கம் சுற்றியது.