நாற்பத்தேழாம் பக்கம்

'நதி' என்று தலைப்பைக் கொடுத்துவிட்டு
டென்னிசன் சார் தேர்தல் வேலைக்குப் போய்விட்டார்.
முப்பத்தொரு பேரும் குறுக்குத்துறைக்குப் போனோம்.
முப்பத்தொரு சூரியன் உதித்தது.
ஒரே எருமை எல்லோருக்கும் திரும்பிப் பார்த்தது.
கும்பிட்டு நின்ற ஒருவரை
இன்னொரு தடவை முங்கச் சொன்னான் பிரம்மநாயகம்,
ஃபோகஸ் தப்பிவிட்டதாம்.
பாவம், முங்கினார்.

அந்த வாரம் மழை.
பாளையங்கோட்டையில், எங்கள் கல்லூரி நூலகத்தில்,
காலண்டர் தாளில் அட்டை போட்ட
தடிப் புத்தகம் ஒன்று.
எங்கோ குளிர்நாட்டுக்காரி. அவள் பெயர்
இன்னும் என் நாக்கில் சரியாக உட்காரவில்லை.
பிரசவத்துக்கு மறுநாள், தையலோடு தன் வயிறு.
செத்துப்போன அப்பாவின் மூக்குக்கண்ணாடியில்
அவளுடைய ஃபிளாஷ்.
பாதி தின்ற கேக்கில் எறும்பு.
ஒன்றிலும் வெளிச்சம் சரியில்லை. அடிவானமெல்லாம் கோணல்.
மூடினேன். திரும்பத் திறந்தேன்.
இருட்டில் ஒரு படி தவறின மாதிரி வயிற்றில்.
அன்றைக்கு பஸ்ஸில்
எதிர் சீட்டுக்காரியின் குதிகால் வெடிப்பை
முருகன்குறிச்சியிலிருந்து ஜங்ஷன் வரை
பார்த்துக்கொண்டே வந்தேன்.

நாற்பத்தேழாம் பக்கம் இல்லை.
ஸ்கேல் வைத்து, பிளேடால்,
ஒரு விரல் அகலம் விட்டு அறுத்திருந்தார்கள்.
மறுநாள் கேண்டீனில்
அந்த இல்லாத படத்தைத்தான் எல்லோரும் பார்த்தோம்.
ஜெனோவா சொன்ன படத்தில் துணி இல்லை.
ராபியா சொன்னதில் இரண்டு பேர்.
பிரம்மநாயகம் ஒன்றும் சொல்லாமல் காது சிவந்தான்.

கடைசித் தாளில், பொடி எழுத்தில், படங்களின் பட்டியல்.
நாற்பத்தேழு: அம்மா, சிரிப்பை அடக்க முடியாமல்.

அவ்வளவுதான்.

எங்கள் அம்மா போட்டோவில் சிரிக்கமாட்டாள்.
மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல்.
கல்யாண ஆல்பத்திலேயே உதட்டைப் பூட்டித்தான் இருக்கிறாள்.
வண்ணார்பேட்டை ஸ்டூடியோக்காரன்
பாஸ்போர்ட் சைஸில் அவளை
கேட்காமலே இரண்டு சுற்று வெளுத்துக் கொடுத்தான்.
அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது.

தச்சநல்லூரில் எங்கள் தெருவுக்கு
ஒன்றுவிட்டு ஒருநாள், ராத்திரி மூன்று மணிக்கு
ஆறு வரும்.
முதலில் குழாய் இருமும்.
பிறகு துருநிறத்தில் அரைக் குடம்.
பிறகு தாமிரபரணி.
நைட்டிமேல் துண்டு, ஒரு காலில் மட்டும் செருப்பு,
பக்கத்து வீட்டு மோட்டாரை ஏசிக்கொண்டு அம்மா.
இரவல் கேமரா. ஃபிளாஷைப் போட்டேன்.
"ஏட்டி மூதி, அத மூடுதியா, குடத்தால சாத்தவா?"
விரல், தண்ணீர், தெத்துப்பல்,
எல்லாம் சிக்கிவிட்டது.

ரெக்கார்டு நோட்டில் ஒட்டி
கீழே 'நதி' என்று எழினேன் என்றா நினைக்கிறீர்கள்?
எழுதவே இல்லை. தேதி மட்டும் போட்டேன்.
யாரைக் கேட்டு எடுத்தாய் என்பார் சார் என்று
ஒரு பதிலை உருப்போட்டு வைத்திருந்தேன்.
அவர் கேட்டது,
"இதுல நதி எங்கம்மா?"
குழாய்ல சார்.
பத்துக்கு ஐந்தரை.

நோட்டு வீட்டில் மேசைமேல் மூன்று நாள் கிடந்தது.
நான்காம் நாள் அந்தப் பக்கம் இல்லை.
கத்தரிக்கோலால், அவசரப்படாமல்,
ஒரு விரல் அகலம் விட்டு.
குப்பைக்கூடையைக் கிளறினேன்.
பீரோவில், சேலைகளுக்கு அடியில் பார்க்கலாம்;
சாவி அவள் இடுப்பில்.
கேட்கவில்லை.
நானும் கேட்காமல்தானே எடுத்தேன்.

நேற்று மூன்று மணிக்குக் குழாய் இருமியது.
"ஏட்டி, தண்ணி வந்துட்டு.
அந்தச் சனியனத் தூக்கிட்டு வந்தே, பாத்துக்கோ."
வெறுங்கையோடு போனேன்.
தெருவிளக்கடியில் முதல் குடத்தை
நகர்த்திக்கொண்டிருந்தாள்.
தலை சீவியிருந்தாள்.